கொழும்பில் தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு: முகம் தெரியாதவர்கள் செய்யும் உதவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேராவது வேலை கிடைத்துக் கொழும்புக்கு வருகிறார்கள். வந்ததும் அறை வாடகை, சாப்பாட்டுக்கடை, எந்த பஸ்ஸில் ஏறுவது என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு மாதம் போன பிறகு வேறு மாதிரியான கேள்விகள் வரும். "அக்கா, பஸ்ஸில ஒரு மனுசி என்ர பையை வாங்கி மடியில வச்சிட்டா. எனக்கு அவவைத் தெரியாது. ஏன் அப்பிடிச் செய்தவ?"

நான் 2006 இல் வவுனியாவில் இருந்து வந்தேன். அன்று முதல் வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையில் காலி வீதி பஸ்ஸிலும் கரையோர ரயிலிலும் போய் வருகிறேன். இதே கேள்விகள் எனக்கும் இருந்தன. சொல்லித்தர அப்போது ஆள் இருக்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, உட்கார்ந்திருப்பவர் என் பையைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுங்கள். இது கொழும்பு பஸ்களின் பழைய வழக்கம். இருக்கை கிடைத்தவர், கிடைக்காதவருடைய சுமையையாவது வாங்கிக்கொள்வார்.

காலை ஏழரைக்கு வெள்ளவத்தை மார்க்கெட்டில் 100 ஆம் இலக்க பஸ்ஸிலோ 101 இலோ ஏறிப் பாருங்கள், விளங்கும். பாணந்துறையில் இருந்தும் மொறட்டுவையில் இருந்தும் நிரம்பிக்கொண்டே வருகிற பஸ்கள் அவை. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடிக்க வேண்டும். மற்றக் கையால் காசு எடுக்க வேண்டும். தோளில் பை, பைக்குள் சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், குடை. சாரதி பிரேக் போட்டால் பை போய் முன்னால் நிற்பவரின் முதுகில் இடிக்கும். அந்த நேரம் கீழே இருந்து ஒரு கை நீளும். அனேகமாகப் பேச்சு இருக்காது, பையின் வாரைத் தொட்டுக் கண்ணாலேயே கேட்பார்கள். சிலர் "பேக் எக தென்ன" என்பார்கள். பையைத் தாருங்கள் என்று அர்த்தம். சில காலைகளில் ஒரே மடியில் மூன்று பைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் அவருடைய சொந்தப் பை.

காசையும் தொலைபேசியையும் கையில் எடுத்துக்கொண்டு கொடுங்கள். நடத்துனர் எந்த நேரமும் வருவார், அப்போது பையைத் திருப்பிக் கேட்டுத் துழாவ வேண்டியிருக்காது. இறங்குவதற்கு ஒரு தரிப்பிடம் முன்பே பையை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒரு சிரிப்பு போதும்.

"தெரியாத ஆக்களிட்டப் பையைக் குடுக்காதே, வாங்கவும் வாங்காதே" என்று அம்மா சொல்லி அனுப்பினா. அவ சொன்னது பிழையா?

பிழை இல்லை. அம்மாமார் அந்தப் பயத்தைக் காரணத்தோடுதான் சுமக்கிறார்கள். 1996 ஜூலை 24 ஆம் திகதி தெஹிவளை நிலையத்தில் ரயிலுக்குள் குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சனம். 2008 மே 26 இல் அதே தெஹிவளையில் மறுபடி ரயிலில் குண்டு. பதினொரு நாள் கழித்து ஜூன் 6 இல் மொறட்டுவை கட்டுபெத்தையில் ஒரு பஸ். இவற்றைக் கடந்த வீட்டுக்காரர்களுக்குச் சொந்தக்காரர் இல்லாத பை என்றால் இன்றைக்கும் நெஞ்சு அடிக்கும்.

நான் வந்த புதிதில் பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் முதலில் குனிந்து ஆசனத்துக்குக் கீழே பார்ப்போம். சோதனைச் சாவடி வந்தால் பையோடு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபக்கத்தில் ஏறுவோம். அவரவர் பை அவரவர் கையில் இருந்தாக வேண்டிய காலம் அது. மடியில் வாங்கி வைக்கும் வழக்கம் நின்றுபோயிருந்தது. அப்படி ஒன்று இருந்தது என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அந்த நாட்களில் எனக்கு நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். 2007 இல் ஒரு காலை, இறக்கிச் சோதித்த இடத்தில் என் அட்டையில் இருந்த வவுனியா விலாசத்தைப் பார்த்துவிட்டு என்னை மட்டும் ஒதுக்கி நிறுத்தினார்கள். கேள்வி மேல் கேள்வி, எல்லாம் சிங்களத்தில். எனக்கு ஒரு சொல்லும் ஓடவில்லை. பஸ் புறப்படப் போனது. ஏறி உட்கார்ந்திருந்த ஒரு பெண் இறங்கி வந்தா. ஐம்பது வயது இருக்கும், கையில் ரெக்சின் பை. தினமும் அதே பஸ்ஸில் அவவைக் கண்டிருக்கிறேன், ஒரு நாளும் பேசியதில்லை. அவ என் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னா. "நங்கி" என்ற சொல்லும் "கோட்டுவ" என்ற சொல்லும் மட்டும் எனக்கு விளங்கின. தங்கச்சி, கோட்டை. எங்களோடு தினமும் வருகிற பிள்ளை, கோட்டையில் வேலை செய்கிறாள் என்று சொல்லியிருப்பா. பஸ் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போய்விட்டது. அவ போகவில்லை. அட்டை என் கைக்குத் திரும்பி வரும் வரைக்கும் நின்றா. அடுத்த பஸ்ஸில் என்னை முன்னால் ஏறச் சொல்லிவிட்டுத் தான் பின்னால் ஏறினா. அன்றைக்கு அவவுக்கும் வேலைக்குப் பிந்தியிருக்கும். அவவுடைய பெயரை நான் கேட்கவே இல்லை.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அதற்குப் பிறகு ஒரு மாலை, பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட, உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பெடியன் என் பையைத் தொட்டான். நான் விடவில்லை. அவன் மறுபடி தொட்டு, தன் மடியைக் காட்டினான். அப்போதுதான் கொடுத்தேன். வீடு போகும் வரை தோள் லேசாக இருந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த வழக்கம் மறுபடி நின்றது. சில கிழமைகள் யாரும் யாருடைய பையையும் தொடவில்லை. பிறகு மெல்ல வந்தது. 2020 இல் கொரோனா, ஆசனத்துக்கு ஒருவர்தான், நிற்கவே விடவில்லை. அதுவும் கடந்து திரும்பி வந்தது. மூன்று முறையும் இதற்கு ஒரு அறிவித்தலும் வரவில்லை, யாரோ ஒருவர் முதலில் கை நீட்டியிருக்கிறார். ஆகவே அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆள் இல்லாமல் கிடக்கும் பையைத் தொட மாட்டேன், நடத்துனரிடம் உடனே சொல்வேன். கண்ணுக்கு முன்னால் நிற்பவரின் பையை வாங்குவேன்.

எனக்குச் சிங்களம் வராது. வழியில் உதவி கேட்பது எப்படி?

வராது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டாம். தமிழில் கேட்டுப் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, மருதானை, தெமட்டகொடை, மட்டக்குளி என்று எங்கே நின்றாலும் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பார். முஸ்லிம் கடைக்காரர்களும் முச்சக்கரவண்டிக்காரர்களும் இரண்டு மொழியிலும் கதைப்பார்கள், உங்களுக்காக மற்றவரிடம் கேட்டும் சொல்வார்கள். "தங்கச்சி எங்க போகணும்?" என்று அவர்களாகவே கேட்கும் நேரமும் உண்டு.

புதியவர்கள் தடுமாறுவது ஊர்ப் பெயர்களில். நாங்கள் முகத்துவாரம் என்கிற இடம் நடத்துனருக்கு மோதர. கொட்டாஞ்சேனை கொட்டஹேன. புறக்கோட்டை பிட்டகோட்டுவ. கோட்டை கோட்டுவ. கல்கிசை கல்கிஸ்ஸ. இதைத் தெரியாமல் ஒரு பிள்ளை "முகத்துவாரம், முகத்துவாரம்" என்று மூன்று பஸ்ஸை மறித்துக் கேட்டு மூன்றையும் விட்டுவிட்டு நின்றது. பக்கத்தில் லொத்தர் விற்றுக்கொண்டிருந்த ஐயா நாலாவது பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, "மோதர" என்று ஒரே சொல் சொல்லி ஏற்றிவிட்டார். இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்றும் கேட்கிறார்கள். அக்கா என்பது இரண்டு மொழியிலும் அக்காதான். அம்மா, மாமா இரண்டும் அப்படியே. சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன், ஆகவே உங்கள் வயதுப் பையனாக இருந்தாலும் நடத்துனரை அய்யா என்று கூப்பிடலாம், அவருக்கு நன்றாகவே இருக்கும். இளையவர் என்றால் மல்லி, நங்கி. "மே பஸ் எக கொட்டஹேன யனவாத?" என்ற ஒரு வசனத்தில் ஊர்ப் பெயரை மாற்றி மாற்றி வைத்தே முதல் ஆறு மாதத்தை ஓட்டிவிடலாம்.

உதவி செய்தவருக்கு எப்படி நன்றி சொல்வது?

"ஸ்தூதி" என்ற சொல் இருக்கிறது. பஸ்ஸுக்குள் அதை அதிகம் கேட்க மாட்டீர்கள், கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும் போல. தலையை ஆட்டிச் சிரிப்பார்கள். வயதானவர்கள் "பொஹோம பின்" என்பார்கள், மிகவும் புண்ணியம் என்று அர்த்தம். எங்கள் பாட்டிமார் "புண்ணியமாப் போகும்" என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். எனக்கு இந்தச் சொல்மேல் தனி விருப்பம். தமிழில் "நன்றி அக்கா" என்றாலும் எல்லோருக்கும் விளங்கும்.

சில்லறை இல்லாமல் ஏறிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். திருப்பிக் கொடுக்க முயன்றால் வாங்கவில்லை. என்ன செய்வது?

ஒரு தடவை கேளுங்கள். "கமக் நே", பரவாயில்லை என்று சொன்னால் விட்டுவிடுங்கள். இறங்கும்போது நாலு பேர் பார்க்க அவருடைய சட்டைப் பைக்குள் காசைத் திணித்தால் அவருக்குக் கூச்சமாகிவிடும்.

காலையில் பெரிய நோட்டை நீட்டினால் நடத்துனர் முகம் சுளிப்பார், அவரிடமும் உண்மையிலேயே மாற்றிக் கொடுக்க இருக்காது. டிக்கெட்டின் பின்னால் மிச்சக் காசை எழுதித் தருவார். இறங்க முன்னம் கேட்டு வாங்குங்கள். மறந்துபோனால் பின்னால் இருப்பவர்கள் "மிச்சக் காசு, மிச்சக் காசு" என்று உங்களுக்காக ஞாபகப்படுத்துவதும் நடக்கும். உங்கள் முறை வரும்போது, காசைத் தேடித் தேடி முகம் சிவந்து நிற்கிற பிள்ளை ஒன்றைப் பார்ப்பீர்கள். அப்போது "இரண்டு" என்று சொல்லி டிக்கெட் எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கு அங்கே சரியாகும்.

இருக்கையை யாருக்கு விட வேண்டும்?

முன்கதவுக்குக் கிட்ட இருக்கும் ஆசனங்களில் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும். பிக்கு ஒருவர் ஏறினால் அங்கே இருப்பவர் எழும்ப வேண்டும், பெண்கள் அவருக்குப் பக்கத்தில் இருப்பதும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் குறித்த ஆசனங்கள் உண்டு. இது எல்லோருக்கும் தெரிந்தது.

எழுதி வைக்காத இடத்தில் நடப்பதுதான் சொல்ல வேண்டியது. என் மகன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, கடைசி வரிசைக்கு முந்திய ஆசனத்தில் இருந்த ஒரு பொடியன் எழும்பி, அடுத்த தரிப்பிடத்தில் இறங்குகிறவன் போலக் கதவுப் பக்கம் போய் நின்றான். நான் இருந்தேன். அடுத்ததில் அவன் இறங்கவில்லை, அதற்கடுத்ததிலும் இறங்கவில்லை, கொள்ளுப்பிட்டியும் போய்விட்டது. கோட்டையில் நானும் அவனும் ஒன்றாகத்தான் இறங்கினோம். நான் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். விட்டுத்தந்தேன் என்று தெரியாமலே விட்டுத்தர வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு வீட்டில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நீங்கள் எழும்பி இடம் தரும்போது ஒருவர் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். நரைமுடி இருப்பவர் எல்லோருக்கும் தன்னை வயதானவர் என்று பார்ப்பது பிடிக்காது.

ரயிலில் எப்படி?

ரயில் பஸ்ஸை விட நெருக்கமானது. சீசன் டிக்கெட்டில் வருகிறவர்கள் வருடக்கணக்காக ஒரே பெட்டியில், ஒரே இடத்தில் ஏறுகிறார்கள். மருதானையில் இருந்து நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகமை வழியாக அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதையில் வண்டி அவ்வளவு ஆறுதலாகப் போவதால், பெட்டிக்குள் பிறந்தநாள் கேக் வெட்டுகிற அளவுக்குப் பழக்கம் வந்துவிடும் என்று அந்தப் பாதையில் வருகிற என் சிநேகிதி சொல்லுவாள்.

புதியவருக்கு முதலில் கிடைக்கும் உதவி எச்சரிக்கைதான். கோட்டையில் இருந்து கரையோரமாகப் போகும் கடுகதி வண்டிகள் கொம்பனித்தெருவிலோ வெள்ளவத்தையிலோ நிற்காமல் போய்விடும். முதல் மாதம் நான் அப்படி ஒன்றில் ஏறிக் கதவில் நின்றபோது, உள்ளே இருந்த ஒருவர் "எங்க இறங்கப் போறீங்க?" என்று தமிழில் கேட்டார். வெள்ளவத்தை என்றேன். "இது அங்க நிக்காது, இறங்குங்க, இறங்குங்க" என்று பையோடு சேர்த்து என்னை மேடைக்குத் தள்ளாத குறைதான். வண்டி அந்த நிமிடமே நகர்ந்தது. அவர் கதவில் நின்று, அடுத்த மேடையைக் கையால் காட்டிக்கொண்டே போனார்.

மூன்று பேர் ஆசனத்தில் நாலாவது ஆளுக்கு இடம் உண்டு. "கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்று கேட்கவும் தேவையில்லை, பார்த்தால் தள்ளுவார்கள். மிதிபலகையில் தொங்காதீர்கள். ஓடுகிற வண்டியில் ஏற ஓடி வரும் ஒருவருக்குக் கை கொடுத்து இழுப்பதையும் நான் உதவி என்று சொல்ல மாட்டேன். அடுத்த வண்டி வரும்.

மழையில் மாட்டிக்கொண்டால்?

கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு இடியோடு கொட்டும், சரியாக வேலை விடும் நேரம். கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினால் யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். தொலைபேசி நனையாமல் சுற்றுவதற்கு ஒரு சொப்பிங் பேக் கேளுங்கள், தருவார்கள். குடை வைத்திருப்பவர் தரிப்பிடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார். அப்படிப் போகும்போது அவருடைய ஒரு பக்கத் தோள் முழுக்க நனைவதைப் பார்ப்பீர்கள்.

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, களனிப் பக்கங்கள் நாட்கணக்காகத் தண்ணீரில் கிடந்தன. அப்படிப்பட்ட நாட்களில் வீதி எது, வடிகான் எது என்று தெரியாது. மூடி இல்லாத குழிக்குப் பக்கத்தில் ஒரு கம்பை நட்டு, மேலே சிவப்புத் துணி கட்டிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஒரு மனிதரை நான் பார்த்தேன். அவர் அங்கே எவ்வளவு நேரமாக நின்றாரோ. தண்ணீர் நிற்கும் வீதியில் முன்னால் ஒருவர் நடந்து போன தடத்திலேயே போங்கள்.

2022 இல் எப்படி வேலைக்குப் போனீர்கள்?

இதை இளையவர்கள் கதை கேட்பது போலக் கேட்கிறார்கள். பெற்றோல், டீசல் இல்லை. பஸ்கள் பாதிக்கும் கீழே. வந்த ரயிலில் மூச்சு விட இடமில்லை. எரிபொருள் நிலையங்களில் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது, ஆட்கள் வாகனத்திலேயே படுத்து எழும்பினார்கள். ஜூலைக்குப் பிறகு, கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு எரிபொருள் வாங்கும் முறை வந்துதான் கொஞ்சம் சீரானது.

அந்த ஜூன் மாதத்தில், 1996 உலகக் கிண்ணம் வென்ற அணியில் ஆடிய ரொஷான் மஹாநாம வோர்ட் பிளேஸ், விஜேராம மாவத்தைப் பக்கம் வரிசையில் நின்றவர்களுக்குத் தேநீரும் பணிஸும் பகிர்ந்தார். அது உலகச் செய்தியானது. செய்தியாகாதவை எங்கள் வீதியிலேயே நடந்தன. வரிசை நீண்டு எந்த வீட்டு வாசலுக்கு வந்ததோ, அந்த வீட்டார் தண்ணீர் கொடுத்தார்கள், கழிப்பறையைத் திறந்துவிட்டார்கள். வீட்டில் ஒரு எரிவாயு சிலிண்டர் கிடைப்பதே அதிசயமாக இருந்த நேரத்தில், விறகு அடுப்பில் பிளேன்டீ போட்டு வாளியில் கொண்டுவந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

நான் வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குப் பல நாட்கள் நடந்தேன். நடக்கும்போது தெரியாத கார்கள் நிற்கும். "கோட்டைப் பக்கம், ரெண்டு பேர் ஏறலாம்." ஒரு துளி எண்ணெய்க்கு இரண்டு இரவு நின்றவர்கள் அதில் இடம் கொடுத்தார்கள். யாரும் காசு கேட்கவில்லை.

திருவிழா நாட்களில் பஸ்ஸை மறித்துச் சாப்பாடு கொடுக்கிறார்கள். நாங்கள் பௌத்தர்கள் இல்லையே, வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். மே மாதப் பௌர்ணமியில் வெசாக், ஜூனில் பொசொன். அந்த நாட்களில் வீதியோரம் தன்சல் போடுவார்கள், இலவச உணவுப் பந்தல். கொடி பிடித்த பொடியன்கள் நடு வீதியில் நின்று பஸ்ஸை மறிப்பார்கள். சோறு, கடலை, மரவள்ளிக்கிழங்கு, ஐஸ்கிரீம், பெலிமல் என்கிற வில்வப்பூப் பானம் என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று. யன்னலால் நீட்டுவார்கள். யார், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். வாங்காமல் முகத்தைத் திருப்பினால்தான் அவர்களுக்கு மனம் நோகும்.

நாங்களும் அதைச் செய்கிறவர்கள்தான். ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது வழியில் மோரும் தண்ணீரும் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பஸ் ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அந்த மோர் பஸ்ஸுக்குள்ளும் வரும். ஜூன் 13 இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, அங்கே யார் கத்தோலிக்கர், யார் சைவர், யார் பௌத்தர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நோன்பு மாதத்தை மறக்கக் கூடாது. ஆறேகாலுக்கு மேல் நோன்பு திறக்கும் நேரம், எல்லோரும் வீடு போகும் நேரமும் அதுதான். ஒரு வருடம் மருதானையில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. பக்கத்து ஆசனத்தில் இருந்த முஸ்லிம் அம்மா பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து, தான் வாயில் வைக்க முன்னம் எனக்கும் முன்னால் இருந்த சிங்களப் பெண்ணுக்கும் ஒவ்வொன்று தந்தா. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவ. வெளியே ஒரு கடைக்காரர் நோன்புக் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி யன்னல்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கஞ்சியின் இஞ்சி வாசனை எனக்கு இன்னும் இருக்கிறது.

தனியாகப் போகும் பெண். தெரியாதவர் உதவ வந்தால் எதை நம்புவது?

நாலு பேர் பார்க்கச் செய்கிற உதவியை ஏற்கலாம். உங்களைக் கூட்டத்தில் இருந்து தனியே எடுக்கிற உதவியை ஏற்காதீர்கள். பை, குடை, இருக்கை, சில்லறை எல்லாம் எல்லோர் முன்னாலும் நடப்பவை. "வாங்க, என்ர வண்டியில விடுறன்" என்று ஒருவர் தனியாக, திரும்பத் திரும்பக் கேட்டால் அது வேறு. 2022 இல் ஏறியது வேறு காலம், அப்போதும் கூட்டமாகத்தான் ஏறினோம்.

பஸ்ஸில் ஒருவன் உரசுகிறான் என்றால் மௌனமாக இருக்க வேண்டாம். சத்தமாகச் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் அக்காமாருக்கு மொழி தேவையில்லை, முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்வார்கள். எனக்கு ஒரு முறை ஒரு அம்மா, எதுவும் கேட்காமல் என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கும் யன்னலுக்கும் நடுவில் நிறுத்தினா. பிறகு அந்த ஆளைப் பார்த்தா. அவன் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிப் போய்விட்டான். பெண்களுக்கான உதவி எண் 1938, பொலிஸ் 119, பஸ் பற்றிய முறைப்பாட்டுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955. மூன்றையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். நீங்கள் அந்த அம்மாவின் இடத்தில் இருக்கும் நாள் வந்தால், நீங்களும் கையைப் பிடித்து இழுங்கள்.

யாராவது மயங்கி விழுந்தால்?

1990. சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாவிட்டால் நடத்துனரின் கையில் தொலைபேசியைக் கொடுங்கள். விழுந்தவரைச் சுற்றி நிற்காமல் யன்னலைத் திறந்துவிடுங்கள், நினைவு திரும்பாமல் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பஸ்ஸில் அல்லது ரயிலில் விட்டுப்போன பொருள் திரும்பி வருமா?

பல நேரம் வரும். அடுத்த நாள் அதே நேரம், அதே பெட்டிக்குப் போங்கள். என் சாப்பாட்டுப் பெட்டி ஒரு தடவை அப்படித்தான் கிடைத்தது. எடுத்து வைத்தவர் அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். சனி ஞாயிறு கழிந்து திங்கட்கிழமைதான் கண்டேன், கழுவாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பணப்பைக்குள் உங்கள் தொலைபேசி எண்ணை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். அடையாள அட்டையில் ஊர் விலாசம்தான் இருக்கும், கொழும்பில் கண்டெடுத்தவர் கிளிநொச்சிக்கோ ஹட்டனுக்கோ தேடிப் போக முடியாது.

இப்போது எல்லோரும் தொலைபேசியைத்தான் பார்க்கிறார்கள். இதெல்லாம் குறைந்துவிட்டதா?

காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு இருப்பவர்கள் கூடியிருக்கிறார்கள், உண்மை. ஆனாலும் பை முழங்கையில் இடித்தால் நிமிர்ந்து பார்க்கிறார்கள், பார்த்தால் கை நீட்டுகிறார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாளில் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் தோளை ஒரு தடவை பாருங்கள்.

என் பையை வைத்திருப்பவர் எனக்கு முன்னால் இறங்க வேண்டி வந்தால்?

பயப்பட வேண்டாம். அவர் எழும்பும்போது உங்களைத் தேடிப் பார்ப்பார். நீங்கள் கூட்டத்தில் பின்னால் தள்ளுப்பட்டுப் போயிருந்தால், அந்த ஆசனத்தில் இருக்கப் போகிறவரின் மடியில் பையை வைத்துவிட்டு, யாருடையது என்று கையைக் காட்டுவார். போன மாதம் என் பை இப்படி இரண்டு மடி மாறியது. வெள்ளவத்தையில் ஒரு தாதிப் பெண் வாங்கினா. பம்பலப்பிட்டியில் அவ இறங்கும்போது ஒரு மாணவியிடம் கொடுத்து, "அர நில் சாரி அக்காகே" என்றா, அந்த நீலச் சேலை அக்காவுடையது. கொள்ளுப்பிட்டியில் மாணவியும் இறங்கினாள், அங்கே இருந்த முதியவருக்கு அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு. கோட்டையில் அவர் பையைக் கையில் பிடித்தபடி படியில் காத்துக்கொண்டு நின்று, இறங்குகிற ஒவ்வொருவருடைய சேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.